கதவுக்குப் பின்னாடி பத்துக் கோடு

பையை மேல வச்சுக் குடுத்தியே, நல்லா இருப்ப தாயி. அந்தக் கண்டக்டர்கிட்டத்தான் முதல்ல கேட்டேன். பஸ்ஸே காலியாக் கெடக்கு, ஒரு பையைத் தூக்கி வைக்க அவனுக்கு என்ன நோவு. எனக்கு ரெண்டு கையும் தோளுக்கு மேல போகாது. முதல்ல வலது கை நின்னுச்சு, பின்னாடியே இடதும் நின்னுச்சு. சுகர்ல அப்படி ஆகுமாம். ரெண்டு வருசம் ஆச்சு, பழகிப் போச்சு. அதை விடு.

நீ அருப்புக்கோட்டையா? நான் அதுக்கு முன்னாடியே பாலையம்பட்டில இறங்கிருவேன். கடைல வேலை பாக்குறியா? பண்டிகைக்கு முந்தின ராத்திரி வரைக்கும் நிக்க வச்சுட்டு இன்னைக்குக் காலைலதான் விட்டானாக்கும். அதானே பார்த்தேன். இல்லாட்டிப் பொங்கல் அன்னைக்கு எந்தப் பொம்பளை பஸ்ல உக்காந்திருப்பா. நான் உக்காந்திருக்கேன். என்னைத் தொரத்தி விட்டுட்டாங்க.

ஆமா, தொரத்தித்தான் விட்டாங்க. என் தம்பி வீட்ல இந்நேரம் அவன் பொண்டாட்டி அடுப்புப் பத்த வச்சிருப்பா. அந்த அடுப்பைக் கழுவுனது நான். பானையைக் கழுவிப் பொட்டு வச்சது நான். மஞ்சக்கொத்து, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் வாங்கி வச்சது நான். பொங்குறப்ப நான் மட்டும் இல்ல. வயிறு எரியுதா எரியலையா, நீயே சொல்லு. அம்பது நாளு தாயி. பச்சைப் பிள்ளையைப் பாக்குற மாதிரிப் பார்த்தேன் அவளை.

என் பேரு பஞ்சவர்ணம். தம்பி குருசாமி மதுரைல எலக்ட்ரிக் சாமான் கடை வச்சிருக்கான். எங்க அம்மா சாகுறப்ப அவனுக்கு ஒம்போது வயசு, எனக்குப் பதினேழு. நான்தான் ஊட்டி, உடுத்தி, அடிச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்குனேன். இன்னைய வரைக்கும் என்னைக் கேக்காம ஒரு விளக்குமாறு வாங்க மாட்டான். அவன் பொண்டாட்டி தமயந்தி. நானே பார்த்துக் கட்டி வச்சது. அவளுக்குப் போன சித்திரைல மார்ல கட்டின்னு சொன்னாங்க. அப்புறம் கேன்சர்னு சொன்னாங்க. ஆறு மாசம் மருந்து ஏத்துனாங்க, தலைமுடி கொட்டி, புருவம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, பாக்கச் சகிக்கல. கார்த்திகைல ஆபரேஷன். இடது பக்கம் முழுசா எடுக்கணும், கக்கத்துக்குள்ள இருக்குற நெறிக்கட்டியையும் எடுக்கணும்னுட்டாங்க.

அவங்களுக்கு ஒரே மக. மஸ்கட்ல கட்டிக் குடுத்திருக்கு, அவளுக்கு ஏழாம் மாசம், வர முடியாது. யாரு இருக்கா? அக்கா, நீ வந்தாத்தான் எனக்குத் தெம்புன்னு தம்பி போன்ல அழுதான். நான் வீட்டைப் பூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். என் வீட்ல மட்டும் யாரு இருக்கா. எங்க வீட்டுக்காரரு போயி ஏழு வருசம். மகன் ஓசூர்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், பண்ணாமயும் இருப்பான்.

ஆஸ்பத்திரி பேரு எதுக்கு, பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வந்துச்சு. பொம்பளை டாக்டர். முப்பது வயசு இருக்கும். கட்டில்ல தமயந்தி பக்கத்துல உக்காந்து, நாளைக்கு முழு மயக்கம் குடுப்போம், அது போக முதுகுல ஒரு ஊசி போடுவோம்னு சொல்லுச்சு. முதுகெலும்புக்குள்ள இல்லையாம், பக்கத்துலயாம். ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே, நெஞ்சுக்கு வர்ற நரம்பை மட்டும் மரத்துப் போக வைக்கிறதாம். ஒரு நாளு, கொஞ்சம் முன்னப்பின்ன, வலி ரொம்பக் குறைச்சலா இருக்கும், வாந்தி குறைச்சலா இருக்கும், கையைச் சீக்கிரமா அசைக்கலாம்னு சொல்லுச்சு.

முதுகுல ஊசின்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு.

என் மகன் சிசேரியன். முப்பத்தோரு வருசம் ஆச்சு. முதுகுல ஒரு ஊசி போட்டாங்க பாரு, அன்னைக்குப் போனதுதான் என் இடுப்பு. குனிஞ்சா நிமிர முடியாது, நிமிர்ந்தாக் குனிய முடியாது. சிசேரியன் ஆன எவளை வேணாக் கேளு, இதையேதான் சொல்லுவா. எங்க தெருவுல ஆறு பேரு இருக்கோம். ஆறு பேருக்கும் இடுப்பு வலி. அது எப்படி எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும்?

அதை அந்த டாக்டர்கிட்டச் சொன்னேன். சிரிச்சுச்சு. அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு. அம்மா, அது வேற ஊசி, இது வேற ஊசின்னுச்சு. சரி, அதோட விட்டுச்சா? அந்த ஊசினாலயும் முப்பது வருசத்துக்கு வலிக்காதும்மா, பிள்ளை பெத்த உடம்பு, தூக்குனது சுமந்தது, எடை, இதெல்லாம் இருக்கும்லன்னுச்சு. என் இடுப்பைப் பத்தி எனக்கே பாடம். முப்பத்தோரு வருசமா எனக்கு வலிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. என்கிட்ட வேற என்ன இருக்கு? அதையும் நின்ன நிலையில பிடுங்கிட்டுப் போகப் பாக்குது.

தமயந்தி மெதுவா, வலி குறையும்னா போடட்டுமே மதினின்னா. எனக்குக் கேட்டுச்சு. கேக்கலைன்னு சொல்ல மாட்டேன். நான் ஒண்ணுமே பேசல தாயி, சத்தியமா வாயைத் திறக்கல. சும்மா தம்பி மூஞ்சியைப் பார்த்தேன். அவன் பேனாவை வாங்கி, ஃபாரத்துல அந்த இடத்துல வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவளும் கீழ போட்டா. உங்களுக்குச் சம்மதம்தானான்னு டாக்டர் அவளை ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் தலையை ஆட்டுனா. அப்புறம் என் மேல எப்படித் தப்பு வரும்? கையெழுத்து அவங்க ரெண்டு பேரோடது. நான் எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டேனா?

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுச்சு. முடிஞ்சு வெளிய கொண்டு வந்தாங்க பாரு, அந்தக் கோலத்தை நான் மறக்க மாட்டேன். கண்ணு பாதி திறந்திருக்கு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு முனங்குறா. பக்கவாட்டுல ரெண்டு டியூப்பு, அதுல பாட்டிலு, பாட்டில்ல ரத்தத் தண்ணி. வலிக்கு டிரிப்ஸ்ல மருந்து போட்டாங்க. அது போட்டா வாந்தி. வாந்தி எடுத்தா நெஞ்சு அதிர்ந்து மறுபடி வலி. இடது கையை வயித்தோட ஒட்டி வச்சுக்கிட்டு, யாரும் தொட வந்தாலே வேணாம் வேணாம்ங்குறா.

பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி. பிச்சையம்மான்னு பேரு, செக்கானூரணிக்காரி. அன்னைக்கேதான் அவளுக்கும் ஆபரேஷன், அதே ஆபரேஷன். அவ அந்த முதுகு ஊசியைப் போட்டுக்கிட்டா. சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிக்கிறா தாயி. மகளோட கதை பேசுறா. தண்ணி பாட்டிலை எட்டி எடுக்குறா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். இவளுக்குச் சின்னக் கட்டியா இருக்கும், மேலாக்க எடுத்திருப்பாங்கன்னு நர்ஸ்கிட்டச் சொன்னேன். இல்லம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான்னு அந்தப் பிள்ளை சொல்லிட்டுப் போயிருச்சு. அதுக்கு என்ன தெரியும். தமயந்தி தலையைத் திருப்பி அந்தக் காப்பி டம்ளரையே பார்த்துக்கிட்டுக் கெடந்தா.

மறுநாள் சாயங்காலம் பிச்சையம்மாவுக்கு மரப்பு விட்டுப் போச்சு. அவளும் ஸ்ஸுன்னு மூச்சை இழுத்தா. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்கு அப்பத்தான் மனசு ஆறுச்சு. ஆனா அந்தக் கடங்காரி ஒரு மாத்திரையை முழுங்கிட்டு, கையை அசைச்சுக்கிட்டே வராண்டாவுல நடக்கக் கிளம்பிட்டா.

அந்த ஆஸ்பத்திரில எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்குறதுக்குன்னு ஒரு பிள்ளை உண்டு. பெனிட்டான்னு பேரு. ரெண்டாம் நாளே வந்து, கையை மூடித் திறங்க, முழங்கையை மடக்குங்கன்னுச்சு. தமயந்தி ஓன்னு அழுதா. நான் அந்தப் பிள்ளையை ஒரு ஏறு ஏறுனேன். வெட்டிப் போட்டு ரெண்டு நாள் ஆகல, கையை ஆட்டச் சொல்றியே, உங்க வீட்டுப் பொம்பளைன்னாச் சொல்லுவியான்னு கேட்டேன். எங்க அம்மாவுக்கே சொன்னேன்மான்னுச்சு. முகத்துல ஒரு சுழிப்பு இல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, உங்களுக்கும் தோள் இறுகி இருக்கும்மா, நீங்களும் இதையே செய்யலாம்னு வேற சொல்லுச்சு. எனக்கா ஆபரேஷன் ஆயிருக்கு?

போறப்ப ஒரு தாள் குடுத்துச்சு. ஆறு படம் போட்டிருக்கும். ரெண்டாவது படத்துல ஒரு பொம்பளை சுவத்தைப் பார்த்து நின்னு, விரலாலயே மேல ஏறுற மாதிரி. பல்லி ஏறுற மாதிரி. டியூப்பு எடுத்தப்புறம் இதைத் தினமும் செய்யணும், வலிச்சாலும் மெதுவாச் செய்யணும், எது வரைக்கும் எட்டுதோ அங்க ஒரு கோடு போட்டு வைங்க, மறுநாள் அதுக்கு மேல போகணும்னு சொல்லுச்சு. நான் வாங்கி மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை மசாலா டப்பா வைக்கிற தட்டுல விரிச்சுட்டேன். நல்ல கெட்டித் தாளு, வழவழன்னு இருந்துச்சு.

ஒரு மாசம் அவளை ஒரு வேலை செய்ய விடல தாயி. நான் குளிப்பாட்டி விடுவேன். ஜாக்கெட் போட முடியாது, தம்பி சட்டையை மாட்டிப் பட்டன் போட்டு விடுவேன். சோறு பிசைஞ்சு ஊட்டுவேன். அவளுக்கு வலது கை நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் நான் ஊட்டுவேன். குருவி முடி மாதிரி முளைச்சிருந்துச்சு தலைல, அதுக்கும் எண்ணெய் தொட்டு வச்சுச் சீவி விடுவேன். டியூப்பு எடுத்தப்புறம் ஒருநா அலமாரில இருந்து ஏதோ எடுக்கக் கையை நீட்டுனா. வலில முகம் சுருங்குச்சு. ஓடிப் போயிப் பிடிச்சுக் கீழ இறக்குனேன். தையல் பிரிஞ்சுரும், வலிக்கிற கையை எதுக்குத் தூக்குற, நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டேன். அதுக்கப்புறம் கையை நீட்டல. துண்டால ஒரு தூளி கட்டிக் கழுத்துல மாட்டி விட்டேன், கை அதுல சும்மா கெடக்கட்டும்னு. வர்றவங்க எல்லாம் சொன்னாங்க, கூடப் பிறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டான்னு. தம்பி கடையில இருந்து வந்ததும், அக்கா, நீ இல்லாட்டி நான் என்ன செய்வேன்னு சொல்லுவான். தினமும் சொல்லுவான்.

இது எதுவும் இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல.

மூணாந்தேதி கரண்டு வைக்கிறதுக்குப் போனோம். அதான், கதிர் வைத்தியம். கட்டியை எடுத்தாலும் மிச்சம் மீதி வேர் இருக்கக் கூடாதுன்னு வைப்பாங்களாம். முதல் நாள் அளவெடுப்பாங்க. அதுக்குப் படுக்க வச்சு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஒரு தாங்கிக்குள்ள வைக்கணும். அப்பத்தான் நெஞ்சு, கக்கம் எல்லாம் திறந்து கெடக்கும், கரண்டு சரியான இடத்துல விழும். இவளுக்கு இடது கை தோள் மட்டத்துக்கே வரல. அசைக்கவே விடல தாயி, கட்டை மாதிரி நிக்குது. ரெண்டு பேரு மெதுவாத் தூக்கிப் பார்த்தாங்க. வெளிய உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சு அவ கத்துனது.

கரண்டு வைக்கிற டாக்டர் வெளிய வந்து எங்களைக் கூப்பிட்டாரு. கை மேல போகாம நான் ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டு வாரம் டயம் தர்றேன், அதுக்கு மேல தள்ளிப் போடுறது நல்லதில்லை, கட்டி திரும்ப வர்றதுக்கு நாமளே வழி விட்ட மாதிரி ஆயிரும்னாரு. அப்புறம் கேட்டாரு, எக்சர்சைஸ் செய்யலையா, யாரு வேணாம்னதுன்னு.

தம்பி தரையைப் பார்த்தான். தமயந்தி சுவத்தைப் பார்த்தா. ஒருத்தர் வாயில இருந்தும் என் பேரு வரல. சொல்லியிருந்தாக்கூடத் தேவல தாயி. சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். ஊசி வேணாம்னு எழுதுனது யாரு, தலையாட்டுனது யாரு, வலிக்குதுன்னு அழுதது யாருன்னு. சொல்லாம நிக்கிறாங்களே, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? தம்பி லிஃப்ட் பக்கத்துல போயித் திரும்பி நின்னு அழுதான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து, அக்கா, நீ இல்லாட்டின்னு அவன் சொல்லல. அதுக்கப்புறம் ஒரு நாளும் சொல்லல.

தமயந்தி சண்டை போட்டாளான்னு கேக்குறியா? அவ சண்டை போடுற ஆளா. மறுநாள் காலைல துண்டுத் தூளியைக் கழட்டி மடிச்சு என் தலைமாட்டுல வச்சிருந்தா. குளிக்க நான் வெந்நி விளாவுனா, நானே குளிச்சுக்கிறேன் மதினின்னா. தட்டை வாங்கி அவளே சாப்பிட்டா. சட்டையை அவளே மாட்டுனா, கால் மணி நேரம் ஆச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு மாட்டுனா. நான் கிட்டப் போனா, வேணாம் மதினி. எதுக்கெடுத்தாலும் வேணாம் மதினி. மரியாதையாத்தான் சொன்னா. அந்த மரியாதைதான் தாயி என்னைக் கொல்லுது.

பத்து நாளு இப்படியே போச்சு. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருவேன், அப்ப ஸ்டோர் ரூம் பக்கம் சத்தம் கேக்கும். பாட்டில் உருட்டுறாளோன்னு நினைச்சுக்குவேன். எந்திரிச்சுப் போயிப் பார்த்தா முகம் கழுவிட்டு வந்து நிப்பா, கண்ணு சிவந்திருக்கும். மருந்து சாப்பிட்டியான்னு கேட்டா, வலி மாத்திரை போட்டுக்கிட்டேன்ம்பா. அம்புட்டுத்தான் பேச்சு.

முந்தாநாள்... இல்ல, நேத்துத்தான் போகி. நேத்தா? ஒரு வருசம் ஆன மாதிரி இருக்கு. போகிக்கு வீட்டைத் துடைச்சு வெள்ளையடிக்க வேணாமா? வீடு பூரா பெயிண்டு, ஸ்டோர் ரூமுக்கு மட்டும் இன்னும் சுண்ணாம்புதான். நான் காலைலேயே சுண்ணாம்பு கரைச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். பழசு பட்டையெல்லாம் வாரி வெளிய போட்டேன். கதவைச் சாத்துனேன், பின்பக்கச் சுவத்தைப் பாக்குறதுக்கு.

கதவுக்குப் பின்னாடி பென்சில் கோடு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா, பத்துக் கோடு. ஒவ்வொரு கோட்டுப் பக்கத்துலயும் பொடி எழுத்துல தேதி. நாலாந்தேதி, அஞ்சாந்தேதின்னு பதிமூணு வரைக்கும். கீழ இருந்த கோடு என் மாருக்கு நேரா இருந்துச்சு. அதுக்கு அடுத்தது ஒரு விரக்கடை மேல. ஆறாந்தேதியும் ஏழாந்தேதியும் கிட்டத்தட்ட ஒரே இடம். எட்டாந்தேதி கீழ இறங்கியிருக்கு. அப்புறம் ஏறுது, ஏறுது, என் நெத்தியைத் தாண்டி ஏறுது. பக்கத்து ஆணில அந்தத் தாளைக் குத்தி மாட்டியிருக்கா. மஞ்சத்தூளும் மிளகாப்பொடியும் ஒட்டிக்கிட்டு, டப்பா வச்ச வட்ட வட்டத் தடத்தோட. எப்ப உருவி எடுத்தாளோ.

நான் வெள்ளையடிச்சேன்.

வெள்ளையடிக்கத்தானே தாயி போனேன். போகிக்கு அழுக்குச் சுவத்தை அப்படியே விடுவாங்களா. சுவத்துல கிறுக்கி வச்சிருந்தா யாருக்குத் தெரியும் அது என்னதுன்னு. இதைத்தான் நேத்துப் பூரா தம்பிகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு என்னப்பா தெரியும், கோடுன்னு நினைச்சேனா, கிறுக்கல்னு நினைச்சேன், கண்ணும் சரியாத் தெரியல, வெளிச்சமும் இல்லன்னு. அவன் வண்டியை எடுத்துக்கிட்டு வந்து இன்னைக்குக் காலைல என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டான்.

அடிச்சு முடிக்கிறப்ப அவ வந்து நின்னா. பிரஷ் என் கையில இருக்கு, சுண்ணாம்பு முழங்கை வரைக்கும் வழியுது. சுவத்தைப் பார்த்தா. பளிச்சுன்னு ஈரமா இருக்கு சுவரு, ஒரு கோடு இல்ல. நான் சொன்னேன், சுத்தமா இருக்குல்லன்னு. எனக்கே தெரியல ஏன் அப்படிச் சொன்னேன்னு. அவ என்னைத் தாண்டி வந்து சுவத்தைப் பார்த்து நின்னா. இடது கையை வச்சா. ரெண்டு விரலால மெதுவா ஏறுனா. ஈரச் சுண்ணாம்புல ரெண்டு விரல் தடம் கூடவே ஏறுது. தோளுக்கு வந்துச்சு, தாண்டுச்சு. நெத்தி தாண்டுச்சு. நெத்தியில வேர்வை, கண்ணுல தண்ணி, மூச்சு வாங்குறா, நிறுத்தல. உச்சந்தலைக்கு மேல ஒரு சாண் போயி, அங்க நகத்தால ஒரு கோடு கீறுனா. ஈரத்துல ஆழமா விழுந்துச்சு அந்தக் கோடு. காஞ்சாலும் போகாது.

அப்புறம் கையை இறக்கிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னா. மதினி, திங்கக்கிழமை எனக்கு அளவெடுக்கணும். நாளைக்குக் காலைல நீங்க ஊருக்குப் போங்க. குரல் உசரல. அம்பது நாள்ல என்கிட்ட அவ கேட்டது ரெண்டே ரெண்டுதான். ஊசி போடட்டுமேன்னு ஒண்ணு, இது ஒண்ணு.

உனக்கு ஒண்ணு சொல்றேன். நீ யாரோ, நான் யாரோ, இறங்குனா அம்புட்டுத்தான். அவ என்னைவிட ஒரு சாண் கட்டை. அவ பென்சில்ல போட்டிருந்த அந்த மேல் கோடு எனக்கு எட்டல. கீழ ஒம்போது கோட்டையும் நின்ன வாக்குல அடிச்சுட்டேன், பத்தாவதுக்குக் கை போகல. கையைப் பார்க்கிறேன், கோட்டைப் பார்க்கிறேன். சமையக்கட்டுக்குப் போயி முக்காலியை எடுத்துட்டு வந்து போட்டு, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு மேல ஏறி, பதிமூணாந்தேதின்னு எழுதியிருக்கிறதை நல்லாப் படிச்சுட்டுத்தான் பூசுனேன். வெளிச்சம் இருந்துச்சு. கண்ணும் தெரிஞ்சுச்சு. அவ கை மேல போயிருச்சுன்னா அந்த வீட்ல எனக்கு என்ன வேலை, சொல்லு. யாரு எனக்கு, நீ இல்லாட்டி நான் என்ன செய்வேன்னு சொல்லப் போறா?

அழலை. எனக்கு என்ன அழுகை. கோவம்தான். எல்லாரு மேலயும் கோவம். அந்த மயக்க டாக்டர் மேல, அந்தப் பெனிட்டா மேல, காப்பி குடிச்சா பாரு பிச்சையம்மா, அவ மேல. திங்கக்கிழமை இவ தூக்கிருவா. கையைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டு மகராசியா படுத்துக்குவா. எனக்குத் தெரியும். நான்தானே பார்த்தேன், என்னைத் தவிர யாரு பார்த்தா.

காலைல கிளம்புறப்ப என் பையைத் தம்பிகிட்ட அவதான் குடுத்தா. பஸ்ல ஏறி உக்காந்து மாத்திரை எடுக்கத் திறந்தேன், சேலைக்கு மேல அந்தத் தாளு இருக்கு. அதேதான், மஞ்சத்தூள் ஒட்டுனது. மடிச்சு வச்சிருக்கா. கூட ஒரு துண்டுப் பென்சிலு. ஒரு வார்த்தை எழுதல. இதுக்கு என்ன அர்த்தம்? நக்கல்தானே? மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை திட்டாம, தாளை வச்சு அனுப்பியிருக்கா. என் வீட்ல சுவரா இல்ல, யாருக்கு வேணும் அவ தாளு. தூக்கிப் போட்டுரலாம்னு ஜன்னலைத் திறந்தேன். நீ ஏறுனதும் திரும்ப உள்ள வச்சுட்டேன்.

பாலையம்பட்டி வந்துருச்சா? அந்த விளக்குத் தூண்கிட்டத்தான் நிப்பாட்டுவான். பையை இறக்கணுமே. இரு, நீ எந்திரிக்காத. ஒரு தடவை நானே எட்டிப் பார்க்கிறேன். ம்ஹூம். கம்பியைத் தொடக்கூட மாட்டேங்குது. நீயே எடுத்துக் குடும்மா, தாளு கசங்காம.